கடவுச்சீட்டும் தரவரிசையும்: புலம்பெயர்ந்த டென்னிஸ் வீரர் ஒருவரின் ஏழு ஆண்டுகள்

இதை எழுதுவது ஏன்

நான் டென்னிஸ் பயிற்சியாளர். சென்னையிலிருந்து வீரர்களோடு வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய்வருவது என் வேலையில் ஒரு பகுதி. 2021 பிப்ரவரியில் துனிசியாவின் மொனாஸ்டிர் நகரில் இந்த வீரரைச் சந்தித்தேன். அன்றிலிருந்து 2024 முடியும்வரை அவருடைய போட்டி அட்டவணையைப் போடுவதில் கூடவே இருந்தேன். அதற்கு முன் நடந்தவை அவர் சொல்லியும் அவர் காட்டிய ஆவணங்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டவை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

ஒரு வீரரைப் பார்த்ததும் நாங்கள் கேட்பது சர்வ் எப்படி, உடம்பு எப்படி, கையில் பணம் எவ்வளவு என்பதுதான். எந்த அட்டை எந்த மாதம் காலாவதியாகிறது என்று யாரும் கேட்பதில்லை. இவரிடம் நானும் கேட்கவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலையைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி: 2017 முதல் 2019 வரை

வீரர் வெனிசுவேலாவில் பிறந்தவர். வலது கை ஆட்டக்காரர். உயரம் அதிகம் இல்லை, ஆனால் கால்கள் அபாரம். ஜூனியர் காலத்தில் அந்த நாட்டில் முதல் வரிசையில் இருந்தவர்களில் ஒருவர். நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது முதலில் பந்துகள் கிடைக்காமல் போயின, பிறகு பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2017 கடைசியில், 19 வயதில், அம்மாவோடு ஸ்பெயினுக்கு வந்து அடைக்கலம் கோரி விண்ணப்பித்தார்.

ஸ்பெயினில் அடைக்கலம் கோருபவருக்கு ஒரு தற்காலிக அட்டை கிடைக்கும். நிறத்தை வைத்து அதைச் சிவப்பு அட்டை என்பார்கள். விண்ணப்பித்து ஆறு மாதம் கழிந்தால் அதை வைத்து வேலை செய்யலாம். எல்லையைத் தாண்டிப் போக அது உதவாது. கடவுச்சீட்டும் அதிகாரிகளிடம்தான் இருக்கும். தொழில்முறை டென்னிஸில் தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது பெரிய கட்டு. புள்ளிகள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எந்த ஊரில் போட்டி பலவீனமாக இருக்கிறதோ அந்த ஊருக்குப் பறந்து போய் ஆடுவதுதான் கீழ்நிலைச் சுற்றில் எல்லோரும் செய்வது. இவரால் அது முடியாது.

ஆனால் அவருக்கு ஒரு நல்லதும் இருந்தது. ஸ்பெயினிலேயே ஆண்டு முழுக்க, அப்போது ஃபியூச்சர்ஸ் என்று அழைக்கப்பட்ட கீழ்நிலைத் தொழில்முறைப் போட்டிகள் நடக்கும். 2018இல் பேருந்திலும் ரயிலிலும் போய் அவற்றின் தகுதிச் சுற்றுகளை ஆடினார். மற்ற நாட்களில் ஒரு கிளப்பில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், மாலையில் உறுப்பினர்களின் ராக்கெட்டுகளுக்கு ஸ்ட்ரிங் போட்டார். அந்த ஆண்டு முடிவில் சில ஏடிபி புள்ளிகள், அதாவது ஆண்கள் உலகத் தரவரிசைக்கான புள்ளிகள், சேர்ந்தன.

2019 ஜனவரியில் அந்தப் புள்ளிகள் காணாமல் போயின. கீழ்நிலைப் போட்டிகளைச் சீரமைக்கிறோம் என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்த ஆண்டு அது. மொத்தப் பரிசு 15,000 டாலராக உள்ள போட்டிகளில் ஏடிபி புள்ளிகள் கிடையாது என்றானது. பழைய ஃபியூச்சர்ஸ் புள்ளிகள் வேறொரு பட்டியலுக்கு மாற்றப்பட்டன. தகுதிச் சுற்றில் 24 பேருக்குத்தான் இடம். இவரைப் போலப் பல நூறு பேர் ஒரே நாளில் ஏடிபி தரவரிசையிலிருந்து வெளியே விழுந்தார்கள். எதிர்ப்பு பலமாக எழுந்ததால் அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் புள்ளிகள் திரும்ப வந்தன. ஆனால் அந்த ஏழு மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

அதே 2019 வசந்தத்தில் அடைக்கல விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அப்போது வெனிசுவேலாக்காரர்களுக்கு ஸ்பெயின் அரசு மனிதாபிமான அடிப்படையில் ஓராண்டுக் குடியிருப்பு அனுமதி கொடுக்கத் தொடங்கியிருந்தது. இவருக்கும் அது கிடைத்தது. கடவுச்சீட்டும் கைக்குத் திரும்பியது.

அன்று அவர் அதிகம் கவனிக்காத ஒரு விஷயம் இதில் இருந்தது. ஸ்பெயின் குடியுரிமைக்குப் பொதுவாக 10 ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். லத்தீன் அமெரிக்க நாட்டவருக்கு 2 ஆண்டுகள் போதும். சிவப்பு அட்டையில் கழிந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆக அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்கியது 2019இல்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாப் போட்டிகளும் நின்றன; ஆகஸ்டில்தான் மீண்டும் தொடங்கின. கிளப் மூடிக் கிடந்த மாதங்களில் அவர் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினார். இன்னொன்றும் நடந்தது. ஆடாதவர்கள் புள்ளிகளை இழக்காதபடி தரவரிசையை உறைய வைத்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு அது பாதுகாப்பு. கீழிருந்து ஏற வேண்டியவர்களுக்கு வழி இன்னும் குறுகியது.

மொனாஸ்டிரில் பார்த்தது: 2021 பிப்ரவரி, மார்ச்

மொனாஸ்டிர், துருக்கியின் அந்தாலியா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற இடங்களில் ஒரே விடுதி வளாகத்தில் வாரா வாரம் 15,000 டாலர் போட்டிகள் நடக்கும். ஒருமுறை விமானச் சீட்டு எடுத்துப் போனால் நாலைந்து வாரம் அங்கேயே ஆடலாம். காலையில் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் மதியம் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார்.

இந்த வீரர் ஐந்து வாரத் திட்டத்தோடு வந்திருந்தார். பயிற்சியாளர் கிடையாது. என் வீரரோடு பயிற்சி ஆட ஆள் தேடியபோது பழக்கமானார். பேச்சு கொஞ்சம் ஆங்கிலம், மீதி சைகை.

முதல் வாரம் தகுதிச் சுற்றிலேயே தோற்றார். இரண்டாம் வாரம் முதன்மைச் சுற்றான மெயின் டிராவில் ஓர் ஆட்டம் வென்றார்: ஒரு புள்ளி, 258 டாலர். மூன்றாம் வாரம் பிரமாதமாக ஆடி அரையிறுதி வரை போனார்: நான்கு புள்ளிகள், 752 டாலர். ஆக மூன்று வாரத்தில் வரிப் பிடித்தத்துக்கு முன் 1,010 டாலர். அதற்குள் விடுதி, விமானம், ஒவ்வொரு பயணத்துக்கும் கொரோனா பரிசோதனை எல்லாம் அடங்க வேண்டும். அடங்கவில்லை.

இது அவருடைய குறை அல்ல. 2013ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்துக் கூட்டமைப்பு செய்த ஆய்வில், பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலே ஆண்களில் 336ஆம் இடத்தில்தான் வரவும் செலவும் சமமாகிறது என்று தெரிந்தது. பெண்களில் அது 253. ஓர் ஆணின் சராசரி ஆண்டுச் செலவு 38,800 டாலர். பிறந்த நாட்டில் இருப்பவருக்குப் பெற்றோர் வீடோ சங்கத்தின் உதவியோ ஊர்க்காரர் ஒருவரின் ஆதரவோ இந்தப் பள்ளத்தைக் கொஞ்சமாவது நிரப்பும். இவருக்கு இருந்தது, முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகும் அம்மா மட்டும்.

அரையிறுதியில் இரண்டாவது செட்டின் நடுவே அவருடைய சர்வ் வேகம் திடீரென்று இறங்கியது. பந்தைத் தூக்கிப்போட்டு உடம்பை வளைக்கும்போது முகம் சுளித்தார். ஆட்டம் முடிந்ததும் தொட்டுக் காட்டச் சொன்னேன். இடப்பக்க வயிற்றுத் தசை. வலது கையால் சர்வ் போடுபவர்களுக்கு எதிர்ப்பக்க வயிற்றுத் தசைதான் அதிகம் இழுபட்டுக் கிழியும். சின்னக் கிழிசலாக இருக்கும்போது நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகும். மேலும் சர்வ் போட்டால் பெரிதாகும்.

வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நான்காம் வாரமும் ஆடினார்.

அவர் ஏன் நிற்கவில்லை

அப்போது அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். நான் எடுத்த முடிவும் அந்த நினைப்பிலிருந்து வந்ததுதான். எச்சரித்தாயிற்று, பெரியவர், அவர் உடம்பு என்று விட்டுவிட்டேன். ஒரு முறை உட்கார்ந்து ஏன் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நான்காம் வாரம் முதல் சுற்றில், முதல் செட் டை-பிரேக்கில், சர்வ் போட்டவர் அப்படியே குனிந்து நின்றார். ஆட்டத்தைக் கைவிட்டார். அன்று இரவுதான் பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் காட்டினார்.

குடியிருப்பு அட்டையின் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பம் நிலுவையில். அந்த நிலையில் ஸ்பெயினை விட்டுப் போய்த் திரும்ப வேண்டுமானால் திரும்பிவரும் அனுமதி என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். அது அதிகபட்சம் 90 நாளைக்குத்தான். அதை வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார். வெனிசுவேலாக் கடவுச்சீட்டோ ஏற்கெனவே ஒரு முறை நீட்டிப்பு ஒட்டப்பட்டது. ஜூலையில் அதுவும் முடிகிறது. வெளிநாட்டில் இருக்கும் வெனிசுவேலாக்காரர் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது எவ்வளவு நாள் இழுக்கும், எவ்வளவு செலவு வைக்கும் என்பது அந்தச் சமூகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய கணக்கு இதுதான்: ஜூலைக்குப் பிறகு எத்தனை மாதம் வெளியே போக முடியாதோ தெரியாது, கதவு திறந்திருக்கும்போதே எவ்வளவு புள்ளி எடுக்க முடியுமோ எடுத்துவிட வேண்டும். வலியை அவர் அலட்சியப்படுத்தவில்லை. வலியையும் தேதியையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து, தேதியைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

ஸ்பெயின் திரும்பி ஸ்கேன் எடுத்ததில் கிழிசல் தெளிவாகத் தெரிந்தது. ஜூனில் அவசரப்பட்டுப் பயிற்சிக்குத் திரும்பியதில் அதே இடம் மறுபடி கிழிந்தது. செப்டம்பர் வரை அவர் ஒரு போட்டியும் ஆடவில்லை.

முதல் முடிவு: வெளியே போவதில்லை

ஏப்ரலில் காணொலி அழைப்பில் அவரும் நானும் உட்கார்ந்து ஒரு தாளில் இரண்டு அட்டவணைகளைப் பக்கம் பக்கமாக எழுதினோம். ஒன்று போட்டிகள், இன்னொன்று ஆவணங்கள். 2019 வசந்தத்திலிருந்து இரண்டு ஆண்டு நிறைவாகிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் பளிச்சென்று பட்டது. உடனே அம்மா தெரிந்தவர் மூலம் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார். அவர் சொன்னது: குடியுரிமைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், கடவுச்சீட்டு செல்லுபடியாகும்போதே போட்டுவிடுங்கள், முடிவு வரும்வரை நீண்ட வெளிநாட்டுப் பயணம் வேண்டாம்.

வெனிசுவேலாவிலிருந்து பிறப்புச் சான்றும் குற்றப்பதிவு இல்லை என்ற சான்றும் முத்திரையோடு வர வேண்டியிருந்தது. ஸ்பெயினின் அரசமைப்பு, சமூகம், பண்பாடு பற்றிய தேர்வு ஒன்றும் உண்டு. 25 கேள்வியில் 15 சரியாக எழுதினால் தேர்ச்சி. மொழித் தேர்வு இவருக்குத் தேவைப்படவில்லை, தாய்மொழியே ஸ்பானிஷ். ஜூனில் விண்ணப்பம் உள்ளே போனது.

அடுத்து டென்னிஸ். நாங்கள் முடிவு செய்தது: குடியுரிமை வரும்வரை ஸ்பெயினுக்குள் நடக்கும் போட்டிகள் மட்டும். பக்கத்து நாடான போர்ச்சுகல்கூட வேண்டாம். குடியிருப்பு அட்டை இருந்தால், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் போய்வரலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும்.

இதை ஏற்றுக்கொள்ள அவருக்குச் சில நாட்கள் பிடித்தன. 22 வயதில் ஒன்றரை ஆண்டு ஒரே நாட்டுக்குள் என்றால் தரவரிசை எப்படி ஏறும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தச் சுற்றின் நடைமுறையையே காரணமாகச் சொன்னேன். நுழைவு விண்ணப்பம் போட்டி தொடங்கும் திங்களுக்கு 18 நாள் முன்பு, வியாழனன்று முடிகிறது. மெயின் டிராவா தகுதிச் சுற்றா காத்திருப்பா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். அந்த இரண்டு வாரத்துக்குள் எந்தத் தூதரகமும் எந்தக் காவல் அலுவலகமும் காகிதம் கொடுத்துவிடாது. காகிதம் நிச்சயமில்லாதவர் வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது, அபராதத்துக்கும் மன உளைச்சலுக்கும் பெயர் கொடுப்பது போல.

உள்நாட்டு ஆண்டு: 2021 செப்டம்பர் முதல் 2022 வரை

நான் எதிர்பார்த்ததைவிட இது நன்றாகப் போனது. விமானச் செலவு போனது. தோற்ற அன்றே வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்கினார். வாரத்தில் மூன்று நாள் கிளப் வேலை உறுதியாக இருந்ததால், ஓர் ஆட்டம் தோற்றால் வாடகை போச்சு என்ற பயம் குறைந்தது. சர்வ் போடும் முறையை மாற்ற நேரம் கிடைத்தது. பந்தைத் தலைக்குப் பின்னால் அல்லாமல் சற்று முன்னால் தூக்கிப்போடப் பழகினார். வயிற்று வலி திரும்ப வரவில்லை.

2022 இலையுதிர் காலத்தில் ஒரு போட்டியின் முந்தைய இரவு இன்ஸ்டாகிராமில் செய்தி வந்தது. முதல் செட்டை விட்டுக்கொடுத்தால் பணம். தொகை, அவர் அந்த வாரம் பட்டம் வென்றால் கிடைக்கக்கூடியதைவிட அதிகம். இந்தச் சுற்றில் ஆடும் எல்லோருக்கும் இப்படி ஒரு செய்தி எப்போதாவது வந்திருக்கும். டென்னிஸில் முறைகேடு பற்றி விசாரித்த சுயாதீனக் குழு 2018இல் சொன்னதும் இதைத்தான்: தொழில்முறை என்று பதிவானவர்கள் சுமார் 15,000 பேர், வரவில் செலவைச் சமாளிப்பவர்கள் மேலே இருக்கும் 250லிருந்து 350 பேர் வரைதான், சூதாட்டக்காரர்கள் நுழையும் இடைவெளி அதுதான்.

அவர் பணத்தை ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஆனால் புகார் கொடுக்கப் பயந்தார். பிறந்த நாட்டிலேயே இருப்பவருக்கு இந்தப் பயம் புரியாது. பெயர் ஒரு விசாரணைக் கோப்பில் ஏறினால் குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதிக்குமா, காவல்துறையிலிருந்து வீட்டுக்கு வருவார்களா என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. விதி தெளிவானது: இப்படி அணுகப்பட்டதைத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். விளையாட்டின் நேர்மை முகமைக்குத் தகவல் கொடுப்பது குற்றப் பதிவு ஆகாது என்று வழக்கறிஞர் விளக்கிய பிறகு, மறுநாள் காலை செய்தியின் படத்தோடு அனுப்பினார். ஆட்டத்தையும் ஆடினார், மூன்று செட்டில் தோற்றார். புகாரால் அவருக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை. ஆனால் தோற்றதற்காக, முன்பின் தெரியாத சூதாட்டக்காரர்கள் அன்று இரவு அவர் அம்மாவைத் திட்டி அனுப்பிய செய்திகளை நானும் பார்த்தேன். அதைப் பற்றி அவர் இன்றுவரை பேச விரும்புவதில்லை.

குடியுரிமைக்குப் பின்: 2023, 2024

2022 கடைசியில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. உறுதிமொழி எடுத்து, 2023 தொடக்கத்தில் ஸ்பெயின் கடவுச்சீட்டு கைக்கு வந்தது.

கராகஸில் பிறந்து ஆறு வயதில் ஸ்பெயினுக்கு வந்த டென்னிஸ் வீராங்கனை கார்பினே முகுருசா எந்த நாட்டுக்கு ஆடப்போகிறார் என்று பத்திரிகைகள் நெடுநாள் எழுதின. 2014இல் ஸ்பெயினைத் தேர்ந்தெடுத்தார். இவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எந்தச் சங்கமும் அழைக்கவில்லை, தரவரிசை போதாவிட்டாலும் போட்டியில் இடம் தரும் வைல்டு கார்டும் வரவில்லை. அவருக்குக் கிடைத்தது வேறு: வேலை செய்யும் உரிமை.

ஜெர்மனியில் கோடையில் கிளப்புகளுக்கிடையே லீக் ஆட்டங்கள் நடக்கும். உள்ளூர் கிளப்புகள் வெளியிலிருந்து வீரர்களை வரவழைத்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் தரும். உறுப்பினர் ஒருவர் வீட்டில் தங்க வைக்கும். பிரான்சிலும் இத்தாலியிலும் இதே போல உண்டு. உலகத் தரவரிசையில் 300க்குக் கீழே இருப்பவர்களில் பலர் பிழைப்பது இதில்தான். ஸ்பெயின் குடியிருப்பு அட்டை ஜெர்மனியில் வேலை செய்ய அனுமதி ஆகாது, அதனால் அதுவரை இந்த வழி அடைபட்டிருந்தது. 2023 கோடையில் ஒரு ஜெர்மன் கிளப்புக்கு ஏழு ஆட்டங்கள் ஆடினார். அதில் கிடைத்தது, 2022 முழுக்க அவர் பெற்ற பரிசுப் பணத்தைவிட அதிகம்.

அந்தப் பணத்தில் இலையுதிர் காலத்தில் போர்ச்சுகலும் துனிசியாவும் போனார். மொனாஸ்டிரில் அதே விடுதி, அதே கோர்ட்டுகள். இந்த முறை இரண்டாம் வாரம் தோள் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்றாம் வாரத்திலிருந்து விலகி வீட்டுக்குப் போனார். எனக்கு அந்த வாரம் அவர் வென்ற ஆட்டங்களைவிட அந்த விலகல்தான் பெரிதாகப் பட்டது.

2024இல் அவருடைய மிகச் சிறந்த தரவரிசை 500ஆம் இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. அடுத்த நிலையான சேலஞ்சர் போட்டி ஒன்றில் தகுதிச் சுற்றைத் தாண்டி மெயின் டிராவுக்கு வந்தார். முதல் சுற்றில் தோற்றார். கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றுக்கு ஏறத்தாழ முதல் 250க்குள் வர வேண்டும். ஏடிபி 2023இல் அறிவித்த குறைந்தபட்ச வருமான உறுதியும் முதல் 250 பேருக்குத்தான்; அறிவித்தபோது 176 முதல் 250 வரை உள்ளவர்களுக்கு அது ஆண்டுக்கு 75,000 டாலராக இருந்தது. அவருக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே இன்னும் இரண்டு நல்ல ஆண்டுகள் தேவை என்று கணக்குப் போட்டோம். வயது 26. அந்த ஆண்டு முடிவில் முழுநேரப் பயணத்தை நிறுத்தினார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மொனாஸ்டிரில் நான் வலியைப் பார்த்தேன், காரணத்தைக் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் காகிதங்களைப் பற்றிப் பேசியிருந்தால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி அங்கேயே தெரிந்திருக்கும். கதவு மூடுகிறது என்ற பயம் குறைந்திருக்கும். அநேகமாக நான்காம் வாரத்தை விட்டிருப்பார். அந்த ஆறு மாதங்கள் மிஞ்சியிருந்தால் 500க்கு மேலே போயிருப்பாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அது அவருடைய 22ஆம் வயதின் ஆறு மாதம், நல்ல ஃபார்மில் இருந்தபோது போனது.

2019இல் குடியிருப்பு அனுமதி கிடைத்த நாளிலேயே வழக்கறிஞரைப் பார்த்திருக்க வேண்டும். கையில் பணமில்லை என்று தள்ளிப்போட்டார்கள். அந்தக் கட்டணம் மொனாஸ்டிரில் ஒரு வாரச் செலவைவிடக் குறைவு என்று பிறகு தெரிந்தது.

உள்நாட்டு ஆண்டை இழப்பாக நினைத்துத் தொடங்கினோம். அவர் மிக நிதானமாக ஆடிய காலம் அதுதான். சொந்தப் பகுதியில் போதிய போட்டிகள் இருக்கும் வீரருக்கு, ஆவணச் சிக்கல் இல்லாவிட்டாலும் அப்படி ஓர் ஆண்டை இப்போது நானே பரிந்துரைக்கிறேன்.

என் வேலையில் ஒன்று மாறியிருக்கிறது. புது வீரரோடு அட்டவணை போட உட்கார்ந்தால் முதல் வரியில் கடவுச்சீட்டு முடியும் தேதி, அடுத்து விசாக்கள், அப்புறம்தான் போட்டிகள். சென்னைப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஷெங்கன் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்காமல் ஐரோப்பிய களிமண் சீசனின் பாதியைத் தொலைத்தவர்கள் என்னிடமே இருக்கிறார்கள்.

இப்போது

கிளப்பில் முழுநேரப் பயிற்சியாளராக இருக்கிறார். கோடையில் ஜெர்மனிக்குப் போய் லீக் ஆடுகிறார். அம்மாவின் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதற்கான தாள்களை இப்போது அவரே அடுக்கி வைக்கிறார். கிளப்புக்கு வரும் பிள்ளைகளில் கொலம்பியாவிலிருந்து வந்த 15 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், இடது கைக்காரன். போன மாதம் அவனுடைய அப்பாவிடம் அவர் முதலில் கேட்டது அட்டையில் போட்டிருக்கும் தேதியை.